சதாசிவம் வழக்கும் ஏதுப்போலியும்

பொரளைப் பொது மயானத்தில் 2022 டிசெம்பர் 15ஆந் திகதி, தமது மோட்டார் வண்டியினுள்ளே கட்டுண்ட நிலையிற் காணப்பட்டு, மறுநாள் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உயிர் நீத்தார் வர்த்தகர் தினேஷ் ஷாப்டர். அவர் மரணம் கொலையா, தற்கொலையா என்னும் வினா இந்நகரத்தை ஓராண்டுக் காலம் வருத்திற்று. வைத்தியர் அபிப்பிராயம் ஒன்றுபடவில்லை. ஐவர் அடங்கிய நிபுணர் குழுவொன்று நியமிக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் அடக்கஞ் செய்த உடல் மீண்டுந் தோண்டி எடுக்கப்பட்டது. ஈற்றில் 2023 நவம்பர் 1ஆந் திகதி, கழுத்தும் முகமும் அழுத்தப்பட்டமையால் நேர்ந்த கொலையே இஃது என்று கொழும்பு மேலதிக நீதவான் தீர்மானித்து, சந்தேகத்துக்குரியோரைக் கைது செய்யுமாறு கட்டளை பிறப்பித்தார்.

நீதவான் தீர்மானிக்க ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் எடுத்தன. வெள்ளவத்தை அவ்வளவு காலம் பொறுத்திருக்கவில்லை. காலி வீதியின் தேநீர்க் கடையிலும், சிகை அலங்கார நிலையத்திலும், வாசிகசாலை வாயிலிலும் முதற் கிழமையிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. அதுவும் ஒரு தீர்ப்பன்று, நாலைந்து தீர்ப்புக்கள். கொட்டாஞ்சேனையிலே நான் பாடஞ் சொல்லும் மாலை வகுப்பில் அளவையியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மாணவி ஒருத்தி எழுந்து, “பண்டிதர் ஐயா, ‘கடன் இருந்தது, ஆகவே இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று எல்லாரும் சொல்லுகிறார்களே, இது கருதலளவையா?” என்று வினவினாள். அது கருதலளவை ஆகாது என்பதை விளக்குவதற்கு நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய மற்றொரு கொழும்பு வழக்காகும். வகுப்பிலே அரைமணி நேரத்திற் சொல்லியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

மகாதேவ சதாசிவம் என்னும் பெயரை இன்றைய மாணவர் பலர் கேட்டிரார். கிரிக்கெட்டு ஆட்டத்திலே துடுப்பெடுத்தாடுவதை ஒரு கலையாக்கியவர் என்று முதியோர் இன்றும் நெகிழ்ந்து கூறுவர். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215 ஓட்டங்கள் அக்காலத்தில் ஒரு புராணம். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்குந் தலைவராக இருந்தவர். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது எதிர்நின்ற இலங்கைத் தலைவரும் அவரே. (அந்த ஆட்டத்தின் ஆடுகளம் 22 யார் நீளம் இருக்கவேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது என்பது அளந்து பார்த்தபோது தெரிந்ததாம். அளவாமல் நம்புவது நம்மவர்க்குப் பழைய பழக்கம்.)

அவருடைய மனைவியார் பரிபூரணம் ஆனந்தம். செல்வக் குடியிற் பிறந்தவர். நான்கு பெண் மக்களின் தாய். கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது. இல்லறம் முறிந்து, அம்மையார் விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார். 1951 ஒக்டோபர் 9ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, பம்பலப்பிட்டி சென்ற் அல்பன்ஸ் பிளேஸில் உள்ள அவர்கள் வீட்டின் மோட்டார்க் கொட்டகையில், கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் அவர் உடல் பிற்பகலிற் காணப்பட்டது. சதாசிவம் அன்றே கைதானார். வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன வில்லியம் என்னும் சிங்கள இளைஞனைக் காணவில்லை. அம்மையாரின் நகைகளுஞ் சில அவனோடு சென்றிருந்தன. சில நாட்களின் பின் தென்மாகாணத்தில் அவன் பிடிபட்டான்.

பிடிபட்டவன் சொன்ன கதையே வழக்காயிற்று. எசமான் தன்னை மேல்மாடிப் படுக்கையறைக்கு அழைத்ததாகவும், இருவருஞ் சேர்ந்து அம்மையாரைக் கொன்றதாகவும், பின்பு உடலைக் கீழே கொண்டுவந்து கொட்டகையிற் கிடத்தியதாகவும், தனக்குரிய கூலி அந்த நகைகளும் பணமும் என்றும் அவன் கூறினான். அரச தரப்பு அவனுக்கு நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு வழங்கி, குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. சதாசிவம் இருபது மாதம் விளக்கமறியலில் இருந்தார். தூக்குமரம் நடைமுறையில் இருந்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்திலேதான் மாணவியின் வினா வந்து பொருந்துகின்றது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்நாளில் இரு கட்சியாகப் பிரிந்தன என்று என் ஆசிரியத் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கட்சியார், “குடிப்பழக்கம் உள்ளவன், பிற பெண்ணை நாடியவன், மனைவி விவாகரத்துக் கேட்கிறாள், சொத்து அவளுடையது. வேறு என்ன வேண்டும்?” என்றனர். மற்றைக் கட்சியார், “அந்த மணிக்கட்டு மட்டையைத் தவிர வேறெதையும் பிடித்ததில்லை, எம்மவர், இதைச் செய்திரார்” என்றனர். இரு கட்சியும் சான்று என்று கருதி முன்வைத்தவற்றுள் ஒன்றேனும் சான்றன்று. முதற் கட்சியாரிடம் இருந்தது நோக்கம். இரண்டாங் கட்சியாரிடம் இருந்தது பற்று.

மணிமேகலையிலே வஞ்சி நகரத்து அளவைவாதி அளவைகள் பத்து என எண்ணிச் சொல்கிறான். அவற்றுள் ஐதிகம் என்பது ஒன்று. இந்த மரத்திற் பேய் உண்டு என்று ஊரார் சொல்லுவதால் பேய் உண்டு என்று தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டு. கொழும்புத் தமிழர் தீர்ப்புக்களிற் பெரும்பாலன இந்த மரத்துப் பேய்தான். அதே காப்பியத்தில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை வகுத்துரைக்கும் பகுதி இன்னும் நமக்கு வேண்டியது. அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக அவர் பகுப்பர். அநைகாந்திகம் என்பது இரு பக்கத்துக்கும் பொதுவாய்க் கிடக்கும் ஏது. அறியப்படுவதால் ஒலி அழியும் என்று ஒருவன் சொன்னால், அறியப்படுதல் அழியாப் பொருளுக்கும் உண்டே என்று நாம் கேட்போமன்றோ? அதுபோல, மனைவியோடு பகைத்த கணவர் இந்நகரத்தில் எத்தனை பேர்? அவருள் கொன்றவர் எத்தனை பேர்? பகை கொன்றவனிடத்தும் உண்டு, கொல்லாதவனிடத்தும் உண்டு. பொருளாசையும் அவ்வாறே கணவனிடத்தும் இருக்கலாம். நகையைக் கொண்டு சென்ற வேலைக்காரனிடத்தும் இருக்கலாம். இரு பக்கமும் செல்லும் ஏது ஒரு பக்கத்தை நிறுவாது.

நமது சட்டமும் இதனை அறிந்தே எழுதப்பட்டது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நோக்கத்தைப் பொருத்தமான விடயமாக ஏற்றுக்கொள்கிறது. பொருத்தமானது என்பது வேறு, போதுமானது என்பது வேறு. குற்றத்திற் பங்காளியாக இருந்தவன் சாட்சி சொல்லத் தகுதியுடையவனே என்று 133ஆம் பிரிவு கூறும்; ஆயினும் 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டொன்று, வேறு சான்றால் உறுதிப்பட்டாலன்றி அத்தகையவன் சொல் நம்பத்தக்கதன்று என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று கூறி அதற்குக் கடிவாளம் இடும். வில்லியத்தின் சொல்லை உறுதிப்படுத்த அரச தரப்பிடம் இருந்தது பெரும்பாலும் நோக்கமே. ஒரு போலி மற்றொரு போலிக்கு முட்டுக்கொடுத்தது.

வழக்கு 1953 மார்ச்சு 20இல் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையிலே தொடங்கி, யூன் 25இல் முடிந்தது. 57 நாள் விசாரணை. சதாசிவத்துக்காக வாதாடியவர் சமசமாசக் கட்சித் தலைவருள் ஒருவராகிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அவருடைய வாதத் திறமையே வென்றது என்று சொல்லும் வழக்கம் உண்டு. என் கருத்து அஃதன்று. வென்றவை மூன்று ஊமைச் சாட்சிகள்: ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஓர் உள்ளங்கால்.

சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகை மோட்டாரில் வீட்டை விட்டுச் சென்றார். ஆகவே அம்மையார் இறந்தது அதற்கு முன்பா, பின்பா என்பதே உயிர்நிலையான வினா. பிரேத பரிசோதனை செய்தவர் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம். இறந்த உடல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குளிரும் என்பதற்கு அவர் கையிலிருந்த நூல்களெல்லாம் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. எடின்பரோவின் குளிருக்கு எழுதிய வாய்பாடு பம்பலப்பிட்டியின் புழுக்கத்துக்குப் பொருந்துமா? உடலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தே குளிர்தலின் விரைவு அமையும். இந்நாட்டில் அந்த வேறுபாடு சிறிது. எனவே அவர் இந்த மண்ணிலேயே அளக்கத் துணிந்தார். இறந்த கணம் ஐயமின்றித் தெரிந்த உடல் வேண்டும். அது கிடைக்கும் இடம் ஒன்றே. வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டோரின் உடல்களில் வெப்பத்தை மணிக்கணக்கில் அளந்து குறித்தார். அந்த ஆய்வு 1955இல் மேலைநாட்டு ஆராய்ச்சி ஏடொன்றில் வெளியாயிற்று. அதனைச் சேர்ந்து எழுதியோருள் கதிர்காமத்தம்பி என்னும் தமிழரும் ஒருவர். தூக்குக் கயிற்றால் இறந்தோர், வேறொருவர் கழுத்துக்கு அக்கயிறு உரியதா என்று சாட்சி சொன்னமை எண்ணுந்தோறும் என்னை நடுக்குகின்றது.

டி சேரத்தின் கணிப்பு, கணவர் வீட்டை நீங்கிய வேளைக்குப் பிற்பட்ட நேரத்தையே சுட்டியது. அரச தரப்பு அதனை விரும்பவில்லை. தன் வைத்தியரையே மறுக்க வேண்டிய நிலைக்கு வந்து, சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போலின் கருத்தை எதிர்நிறுத்திற்று. நிபுணர் இருவர் முரண்படின் யார் சொல் கொள்வது? இருவரும் கற்றோர், இருவரும் நேர்மையாளர். ஒருவர் தம் அனுபவத்திலிருந்து கருதினார். மற்றவர் அளந்துவிட்டுக் கருதினார். எனக்கு இதில் ஐயம் இல்லை.

மூன்றாவது சாட்சியை முன்னுக்கு நிறுத்தியவர்களுள் தலையானவர் எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித். எகிப்திலும் பிரித்தானியாவிலும் பல கொலைகளைத் துருவியவர். 1959இல் வெளியிட்ட தமது நினைவு நூலில் இந்த வழக்குக்கும் இடந் தந்திருக்கிறார். அவர் எதிரித் தரப்புக்காகச் சாட்சி கூறினார். வில்லியத்தின் கதைப்படி கொலை நடந்தது மேல்மாடிப் படுக்கையறையில். உடல் தூக்கி வரப்பட்டது. அவ்வாறாயின் உள்ளங்கால்கள் அழுக்குப் படியாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றில் அடுக்களைத் தரையின் அழுக்குப் படிந்திருந்தது. அப்படியானால் அம்மையார் தம் காலாலேயே அடுக்களைக்கு வந்து நின்றிருக்கிறார், அங்கேயே தாக்கப்பட்டிருக்கிறார். வில்லியத்தின் உடலிற் காணப்பட்ட கீறல்களையும் அவர், உயிருக்குப் போராடியவரின் நகக்குறிகளாகக் கண்டார். தருக்க நூலார் புகையையும் நெருப்பையும் சேர்த்துக் காட்ட வேண்டியபோதெல்லாம் அடுக்களையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வர். இந்த வழக்கும் சுற்றிச் சுற்றி அடுக்களையிலே போய் நின்றது.

எழுவர் கொண்ட ஜூரி சபை, குற்றவாளி அல்லர் என்று ஒருமுகமாகத் தீர்த்தது. (ஏழு கிழமைக்குள், ஓகஸ்ட் 12இல், நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்து, கொல்வின் முதலியோரின் கட்சி அதன் முன்னணியில் நின்றது. மக்களுக்குப் பேச வேறு விடயம் கிடைத்தது.)

இதனைப் படிக்குந்தோறும் தமிழ் கற்பிப்பவனுக்கு நினைவில் எழாதிருக்க முடியாத காட்சி மதுரைக் கொலைக்களமே. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கின்றான். களவுப் பொருளைத் தன்னிடம் வைத்திருப்பவன் சாட்சியாகின்றான்! இதைப் பலரும் கவனித்திருப்பர். பலர் கவனியாதது ஒன்றுண்டு. கொலைக்கு வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் முகத்தைப் பார்த்தாற் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூல் கற்ற நிபுணனாகிவிடுகிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று எண்ணிக்காட்டி, இத்தகையோர் முகத்தை நம்பாதீர் என விரிவுரை ஆற்றுகின்றான். பங்காளிச் சாட்சியும் அவனே, நிபுணச் சாட்சியும் அவனே. காவலர் சொன்னது உண்மை. ஆனால் அவர் அதற்குக் காட்டிய ஏது முகத்தோற்றம். சரியான முடிவைத் தவறான ஏதுவால் அடைந்தவன், சற்று வாய்வல்லமை உடைய ஒருவன் வந்து தள்ளியதும் விழுந்துவிடுவான். “எம்மவர், செய்திரார்” என்று சொன்ன வெள்ளவத்தை அன்பர்களும் அந்தக் காவலரும் ஓரினம். சதாசிவத்தின் கழுத்து அவர்களை நம்பி இருக்கவில்லை என்பது அவருடைய நல்லூழ்.

கண்ணகியோ முகத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் அரசவையில் வழக்காடி நேரம் போக்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பின் பரல் முத்து, உடைத்துப் பார்த்தார்கள். எவருடைய நாவையும் சாராத சான்று அது. மதுரையில் அச்சான்று கழுத்து வெட்டுண்ட பின் வந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில் முன்னரே வந்தது. வேறுபாடு அவ்வளவே.

இனி, வாசகருட் பலர் என்னோடு உடன்படாத இடத்துக்கு வருகின்றேன். விடுதலைக்குப் பின் கொழும்பு முழுவதும், “அப்படியானால் வில்லியந்தான்” என்று அமைதியடைந்தது. சிமித்தின் கருத்தும் அதுவே. அது பொருந்தவும் பொருந்துகின்றது. நகையும் நகக்குறியும் அடுக்களையும் ஒரு திசையையே காட்டுகின்றன. ஆனால் 1953இல் நிறுவப்பட்டது, வில்லியம் சொன்ன கதை நம்பத்தகாதது என்பதும், சதாசிவத்தின் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் மாத்திரமே. அங்கிருந்து வில்லியம் ஒருவனே கொன்றான் என்னும் முடிவுக்குப் போவது இன்னும் ஓர் அடி. குறுகிய அடியே ஆயினும் அடி அடிதான். அதனை எடுத்துவைக்கும் அதிகாரம் உடைய நீதிமன்றம் எதுவும் கூடவில்லை. கூட வழியுமில்லை; மன்னிப்புப் பத்திரம் அவன் கையில் இருந்தது. அவனுக்கு அதனைக் கொடுத்தது வெள்ளவத்தை வதந்தியன்று, அரசு. உடலிலே கீறலும் மடியிலே நகையும் உடையவனை விடுவித்து, வாடகை மோட்டாரில் ஏறிப் போனவனைக் கூண்டில் நிறுத்தத் தூண்டியது எது? நோக்கம் ஒன்றுதான். குடும்பப் பகை கேட்கச் சுவையானது. வேலைக்காரன் நகைக்காகக் கொன்றான் என்பது சுவையற்றது. அறிவிற் சிறந்த அரச சட்டத்தரணிகளும் சுவைக்கு மயங்குவர் என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது.

மன்னிப்பு என்பது எத்தகைய கூர்வாள் என்பதை நம் காலமும் கண்டது. 2005இல் ராஜகிரிய ரோயல் பார்க் தொடர்மாடியில் இளம்பெண் ஒருத்தியைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவருக்கு 2019இல் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கப்பட்டது. அம்மன்னிப்புச் செல்லாதென உயர் நீதிமன்றம் 2024 யூனில் தீர்த்தது. வில்லியத்துக்குக் கிடைத்த மன்னிப்பு வேறு சட்டத்தின்பாற்பட்டது. சாட்சியத்தை விலைக்கு வாங்க வழங்கப்பட்டது. வாங்கியும் பயனில்லை.

சதாசிவம் 1977இல் இறந்தார். பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான நூல் வந்தபோது, பழைய வாதம் வெள்ளவத்தையில் ஒருமுறை புத்துயிர் பெற்றது. அப்போதும் ஆட்டக்காரரைப் பற்றியும் சட்டத்தரணியைப் பற்றியும் எடின்பரோப் பேராசிரியரைப் பற்றியுமே பேச்சு நடந்தது. பரிபூரணம் அம்மையாரைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களில், நான்கு பெண் பிள்ளைகளின் தாய், ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் நீதிமன்றப் படியேறி விவாகரத்துக் கேட்டது சிறு செயலன்று. அவர் எழுப்பிய அந்த வழக்கு விசாரிக்கப்படவே இல்லை. கணவருக்குக் கொலை நோக்கம் இருந்தது என்று காட்டுவதற்கு மாத்திரம் அது பின்னர் பயன்பட்டது. அவர் அதிற் சொல்ல வந்த குறைகள் வேறு. அவற்றைக் கேட்பதற்கு 57 நாளில் ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை. மாலை வகுப்பு மாணவி இவ்விடத்தில் மீண்டும் எழுந்து, “அவர் கேட்டது விடுதலை அல்லவா, ஐயா? அது ஏன் அவரைக் கொன்றதற்குக் காரணமாக மட்டும் எழுதப்பட்டது?” என்றாள். அளவை நூலில் அதற்கு விடையில்லை என்று சொல்லி அடுத்த பாடத்துக்குச் சென்றேன்.